மணியத்துக்கும் ஒரு பரஸ்தானம்

மஹாலக்ஷ்மி பழைய துவாலையை மடியில் விரித்து, பூனையை அதன் நடுவில் வைத்து, இந்த ஓரத்தை அந்தப் பக்கமும் அந்த ஓரத்தை இந்தப் பக்கமும் இழுத்துச் செருகினாள். பிறந்த குழந்தையைச் சுற்றுகிற அதே சுற்றுதான். நாலு காலும் உள்ளே போய்த் தலை மட்டும் வெளியே நின்றது. இரண்டு விரலால் கடைவாயை அழுத்தினாள். வாய் திறந்தது. குடற்புழு மாத்திரை நாக்கின் கடைசியில் விழுந்தது. வாயை மூடித் தொண்டையைத் தடவிவிட்டாள். என்ன நடந்தது என்று பூனை யோசிப்பதற்குள் மாத்திரை வயிற்றுக்குப் போய்விட்டது.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணன் மனைவி கோமு வாயைப் பிளந்தாள். "உங்கண்ணாவுக்கு ஒரு தடவை இப்படிச் சுத்திக் கொடேன் மஹா. பிரஷர் மாத்திரையைத் துளசி மாடத்துல ஒளிச்சு வைக்கறார்."

"அண்ணாவைச் சுத்தத் துவாலை போறாது மன்னி. ஜமக்காளம் வேணும்."

இருவரும் சிரித்தார்கள். துவாலைக்குள் இருந்து வெளியே வந்த பூனை, சிரிப்பில் தனக்குச் சம்மதம் இல்லை என்பதுபோல் வாலைத் தூக்கிக்கொண்டு அடுக்களையைப் பார்க்கப் போனது. மேற்பார்வை அதன் பிறவிக் குணம். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் தாமிரபரணி தெருவுக்குள் வந்தபோது, மிதந்து வந்த ஒரு முறத்தில் குந்தி, இருபுறமும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்த குட்டி அது. கிஸ்தி வசூலுக்கு வருகிற மணியக்காரர் மாதிரி இருக்கிறது என்று கோமு சொன்னாள். மணியம் என்றே பெயர் நின்றுவிட்டது.

இதெல்லாம் நடந்தது கல்லிடைக்குறிச்சியில், தொண்ணூற்றாறாம் வருஷம். அடுத்த வெள்ளிக்கிழமை மஹாலக்ஷ்மி மஸ்கட்டுக்கு விமானம் ஏற வேண்டும். மணியமும் ஏற வேண்டும்.

மஹாலக்ஷ்மிக்கு நாற்பத்து நாலு வயது. கல்யாணமான மறுவருஷமே கணவர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அழுகிற வரைக்கும் அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டாள். கண்டவர்கள் மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளுகிற வேலைக்கு அக்ரஹாரத்துப் பெண் போவதா என்று தெரு முழுக்க முணுமுணுத்தது. அண்ணன் வெங்கட்ரமணன் பள்ளிக்கூட வாத்தியார். பஞ்சாங்கம் பார்க்காமல் செருப்புக்கூட வாங்கமாட்டார். ஆனால் அன்றைக்கு அவர்தான், "முணுமுணுக்கிறவாளெல்லாம் ஒருநாள் படுக்கத்தான் போறா. அப்ப யார் வருவான்னு பார்ப்போம்" என்று சொல்லித் தங்கையை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார். அதற்கப்புறம் இருபது வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காலை பஸ்ஸில் போனாள், மாலை பஸ்ஸில் வந்தாள். முணுமுணுத்த மாமிகள் பின்னாளில் பிரஷர் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அவளும் பார்த்தாள், உப்பைக் குறை என்று அதட்டினாள்.

இப்போது வெங்கட்ரமணன் ஓய்வு பெற்றாகிவிட்டது. மகன் கிரீஷ் மெட்ராஸில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு அப்பா அம்மாவைக் கூப்பிட்டிருந்தான். அங்கே நாய், பூனைக்கு அனுமதி இல்லை. கல்லிடைக்குறிச்சி வீடு பூட்டப்படும். அவளுக்கு வேலை கிடைத்திருந்த மஸ்கட் ஆஸ்பத்திரியில் நாற்பத்தைந்துக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. இந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டி கிடையாது. பாளையங்கோட்டை வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது பூனை.

"தெருவுலதானே வந்தது, தெருவுல விட்டாப் போறது" என்று சிலர் சொன்னார்கள்.

"வெள்ளத்துல வந்தது. வெள்ளம் மறுபடி வந்தா விடறேன்" என்றாள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் டிராவல்ஸ் வைத்திருந்த மீரா முகைதீனிடம் போய் நேராகவே சொன்னாள். "பூனைக்கு இடம் உண்டுன்னா எனக்கு டிக்கெட் போடுங்கோ. இல்லேன்னா ரெண்டும் வேண்டாம்."

மீரா முகைதீன் மேலப்பாளையத்துக்காரர். பத்து வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சிஸ்டர், நான் மாமியாரை அனுப்பியிருக்கேன், மாவு இடிக்கிற உரலை அனுப்பியிருக்கேன். பூனைய அனுப்பினதில்ல. ஆனா ஒண்ணு. அங்க பூனைக்கு உள்ள மரியாதை மனுசனுக்குக் கெடையாது. பள்ளிவாசல்ல தொழுகை நடக்கும்போது குறுக்கே படுத்துத் தூங்கும், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. கூட்டிட்டுப் போங்க. தடுப்பூசிச் சீட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட், மரப்பெட்டி, மூணும் இருந்தாப் போதும்."

தடுப்பூசி ஆயிற்று. சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டிய கால்நடை டாக்டரிடம் மாட்டுக்கு உண்டான அச்சுத்தாள்தான் இருந்தது. அதில் 'கொம்பு' என்ற இடத்தில் 'இல்லை' என்றும், 'கறவை' என்ற இடத்தில் 'ஆண்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணியம் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துச் சரியா என்று பார்த்தது.

மரப்பெட்டியைச் செந்தூர்பாண்டி ஆசாரி செய்தார். முன்பக்கம் கம்பிக் கதவு, பக்கவாட்டில் காற்றுத் துளைகள், கதவில் தொங்கவிட ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணி. எல்லாம் சொன்னபடி. சொல்லாததாக மேலே ஒரு தாமரைப்பூவும் செதுக்கியிருந்தார்.

"பூ எதுக்கு ஆசாரியாரே?"

"இருக்கட்டும் சிஸ்டரம்மா. நம்ம ஊர்ப் பூனைன்னு அங்கன தெரியணும்லா?"

பெட்டி வந்த நாளிலிருந்து மஹாலக்ஷ்மி வேலையை ஆரம்பித்தாள். ஆபரேஷனுக்கு வருகிறவரை நேராகக் கத்தியடியில் படுக்கவைப்பதில்லை. முதலில் வார்டில் இரண்டு நாள் தங்கவைத்துப் பழக்குவார்கள். அதே முறை. முதலில் பெட்டிக்கு வெளியே தயிர்சாதம். பிறகு வாசலில். பிறகு உள்ளே. ஒரு மாதத்தில் மணியம் பெட்டிக்குள் சாப்பிட்டு, பெட்டிக்குள் தூங்கி, யாராவது பெட்டியைத் தொட்டால் உறுமுகிற அளவுக்கு வந்துவிட்டது. அதனிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு குறைதான். பகலில் எப்போதாவது நழுவி வந்து, கஞ்சி போட்டு மடித்த அவளுடைய வெள்ளை யூனிஃபார்ம் புடவைமேல் படுத்து ரோமத்தை ஒட்டவைத்துவிடும். நாலு வருஷமாக அந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் அடி விழாத வாரமில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வெங்கட்ரமணன் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"மஹா! வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்!"

"அதுக்கு வெல்லம் சாப்டுட்டுக் கிளம்பினாப் போச்சுன்னு நீங்கதானே அண்ணா சொல்வேள்."

"விமானம் ஏறற திருவனந்தபுரமும் மேற்கு, மஸ்கட்டும் மேற்கு. தென்காசி போறதுக்கு வெல்லம் சரி. கடல் தாண்டறதுக்கு வெல்லம் போறாது. பரஸ்தானம் வைக்கணும்."

கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல வேளையில் பயணச் சாமான் ஒன்றை வெளியே எடுத்து, போகிற திசையில் உள்ள இன்னொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சூலம் ஏமாந்துபோகும். ஒரே நிபந்தனை, வைத்த சாமான் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. போகும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும். மஹாலக்ஷ்மிக்கு இதில் பெரிய நம்பிக்கையும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. யாருக்கும் கெடுதல் செய்யாத மருந்து என்றால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்பாள். "இன்னிக்குப் புதன்தானே, நல்ல வேளை பார்த்து என் பெட்டியைக் கொண்டுபோய் வைங்கோ" என்று சொல்லிவிட்டுக் கடைசி நாள் டியூட்டிக்குப் பஸ் ஏறினாள்.

அவள் போனபின் வெங்கட்ரமணனுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. பயணம் போவது இரண்டு பேர். ஒருவருக்கு மட்டும் பரஸ்தானம் வைத்தால் மற்றவர் கதி?

"பூனைக்கு என்ன சாஸ்திரம்? அது குறுக்கே போனாலே நாம உக்காந்துடுவோம்" என்றாள் கோமு.

"அதனாலதான் சொல்றேன். குறுக்கே போறதே இவ்வளவு பண்ணும்னா, சூலத்துல கிளம்பற பூனை என்னெல்லாம் பண்ணும்!"

பூனைக்கென்று வீட்டில் இருந்தது ஒரே ஒரு சொத்து. நல்ல வேளை முடிவதற்குள் தங்கையின் சூட்கேஸை ஒரு கையிலும் தாமரைப் பெட்டியை மறு கையிலும் தூக்கிக்கொண்டு, தெருவின் மேற்குக் கோடியில் இருந்த அப்பள வியாபாரி லக்ஷ்மிநாராயணன் வீட்டு வாசல் ரேழியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மனம் நிறைந்து இரண்டாம் டம்ளர் காபி குடித்தார்.

மாலையில் வீடு திரும்பிய மஹாலக்ஷ்மி பார்த்தது காலி இடத்தையும், அந்தக் காலி இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கத்துகிற மணியத்தையும்தான். தயிர்சாதம் தொடப்படாமல் இருந்தது.

"அண்ணா! ஒரு மாசம் பழக்கியிருக்கேன்! அந்தப் பெட்டிக்குள்ள தவிர அது சாப்பிடாது."

"வெச்சாச்சு. இனிமே திரும்பி வரக்கூடாது."

"சரி. பெட்டி வராது. பூனை போகலாமோல்லியோ?"

வெங்கட்ரமணன் யோசித்தார். பூனை போகக்கூடாது என்று எங்கேயும் சொல்லியிருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மஹாலக்ஷ்மி தயிர்சாதக் கிண்ணத்தோடு முன்னால் நடக்க, மணியம் பின்னால் நடக்க, அண்ணனும் மன்னியும் அதற்குப் பின்னால் நடக்க, ஊர்வலம் மேற்கே போனது. லக்ஷ்மிநாராயணன் வீட்டு முற்றத்தில், அவரிடம் அப்பளம் இடுகிற பேச்சித்தாய் குந்தியிருந்து, இட்ட அப்பளங்களை வேட்டி விரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க சிஸ்டரம்மா. நல்ல நேரத்துல வந்திய. உங்க பொட்டிக்குள்ள ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கா."

மஹாலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத வரிப்பூனை ஒன்று, மணியத்துக்காக விரித்திருந்த பழைய நூல் சேலைமேல் நீட்டிப் படுத்திருந்தது. வயிற்றோரம் இரண்டு குட்டிகள். மூன்றாவது வந்துகொண்டிருந்தது.

இருபது வருஷப் பழக்கம் வாய்க்கு முன்னால் வேலை செய்தது. "கூட்டம் போடாதீங்கோ. எல்லாரும் பின்னால போங்கோ. அண்ணா, நீங்களும்தான். மூச்சு முட்டும்."

எல்லோரும் பின்னால் போனார்கள். மணியம் மட்டும் முன்னால் போனது. தன் பெட்டிக்குள் தன் அனுமதியில்லாமல் என்ன நடக்கிறது என்று தலையை உள்ளே விட்டது. 'பளார்' என்று ஒரு அறை. மூக்கில் நகம் பட்ட மணியம் ஒரு முழம் உயரத்துக்கு எம்பி, முற்றத்தில் இறங்கி, காய்கிற அப்பளங்கள்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, கொல்லைச் சுவர் தாண்டி மறைந்தது.

"ஏ சிஸ்டரு!" பேச்சித்தாய் தலையில் கை வைத்தாள். "உங்க மணியம் அப்பளத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுல்லா போறாரு!"

ஈர அப்பளத்தில் ஒவ்வொரு பாதமும் பூப்போல் பதிந்திருந்தது. சத்தம் கேட்டு வந்த லக்ஷ்மிநாராயணன் ஒன்றை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அச்சு நன்னா விழுந்திருக்கு. விக்க முடியாது. ஆனா அழகா இருக்கு" என்றார். கோமு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பேச்சித்தாய் சிரித்தாள். மஹாலக்ஷ்மி மட்டும் சிரிக்கவில்லை. விடிந்தால் பயணம். பெட்டி இல்லை. பூனையும் இல்லை.

"குட்டிகளை ஒரு கூடையில மாத்திட்டா என்ன?" என்றார் வெங்கட்ரமணன், குற்ற உணர்ச்சியில் குரல் இறங்கி.

"என்ன பேச்சு பேசுதிய சாமி!" என்றாள் பேச்சித்தாய். "கைபட்டா ஒவ்வொண்ணாக் கவ்விக்கிட்டு ஏழு வீடு மாத்துமே! வழியில நாய் தின்னுட்டா யாரு பாவம்?"

"பாவம் இருக்கட்டும்" என்றாள் மஹாலக்ஷ்மி. "பிரசவமான அன்னைக்கு யாரையும் கட்டில் மாத்தறதில்லே. அது அங்கதான் இருக்கும். வேற பெட்டி வேணும். ஆசாரியாரைக் கூப்பிடுங்கோ."

செந்தூர்பாண்டி வந்தார். விஷயத்தைக் கேட்டார். "புதுப் பலகைக்கு அம்பாசமுத்திரம் போகணும். இழைச்சு, அடிச்சுக் குடுக்க ரெண்டு நாள் ஆகும் சிஸ்டரம்மா. பொய் சொல்லமாட்டேன்."

லக்ஷ்மிநாராயணன் உள்ளே போய், வெளியூருக்கு அப்பளம் அனுப்புகிற மரப்பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். வாட்டசாட்டமான பெட்டி. செந்தூர்பாண்டி முழக்கோலை வைத்து அளந்தார். பழைய பெட்டியைவிட ஒரு விரல்கடைதான் பெரிது. மதியத்துக்குள் துளை போட்டு, அடுக்களை ஜன்னலில் இருந்து கழற்றின கம்பி வலையில் கதவு மாட்டி முடித்துவிட்டார். இந்தத் தடவை பூச் செதுக்க நேரமில்லை. பதிலுக்குப் பக்கவாட்டில் பெரிய கறுப்பெழுத்து இருந்தது: 'கல்லிடைக்குறிச்சி அப்பளம். நொறுங்கும், ஜாக்கிரதை.'

எஸ்டிடி பூத்திலிருந்து மஹாலக்ஷ்மி மீரா முகைதீனுக்குப் போன் போட்டாள். அவர் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரிப்பு. "எழுத்து இருந்தா இருந்துட்டுப் போகுது சிஸ்டர். ஜாக்கிரதைன்னு போட்டிருக்குல்ல, பதனமாத் தூக்குவான். பூனை உள்ள இருக்கா?"

"இனிமேதான்" என்றாள்.

பூனையைத் தேட ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள். வெங்கட்ரமணன் ஆற்றுப் படித்துறை வரைக்கும் போய், "மணியம்! மணியம்!" என்று கூப்பிட்டார். குளித்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள், எந்த மணியம், எந்த ஊர் மணியம் என்று விசாரித்தார்கள். மஹாலக்ஷ்மி தேடப் போகவில்லை. வார்டிலிருந்து ஓடுகிற நோயாளியைத் துரத்தினால் இன்னும் ஓடுவார். பசித்தால் கட்டிலுக்குத் திரும்புவார். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, அப்பளப்பெட்டியைக் கூடத்தில் வைத்து, உள்ளே தயிர்சாதம் வைத்து உட்கார்ந்தாள்.

நேரம் போனது. பெட்டி புதுப் பெட்டி. உளுந்து வாசனை, பிரண்டை வாசனை. வந்தாலும் இதற்குள் எப்படிப் போகும்? ஒரு மாதம் பழக்கியதை ஒரு சாயங்காலத்தில் எப்படிப் பழக்குவது? பலவந்தமாகத் துவாலை சுற்றி அடைக்கலாம். அடைத்தால் திருவனந்தபுரம் வரைக்கும் கதவில் முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும். அந்த முகத்தோடு எந்த ஆபீசரும் ஏற்றமாட்டார். மீரா முகைதீனுக்கு மறுபடி போன் போட்டு, ரெண்டும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்குமோ? சொன்னால் சொன்னதுதான். சொல்லிவிட்டு இந்தப் பூட்டுகிற வீட்டில் எந்த ஜன்னலைப் பார்த்து உட்காருவது?

"மஹா," கோமு உள்ளறையிலிருந்து பைய, சத்தமில்லாமல் கூப்பிட்டாள். "இங்க வாயேன்."

அலமாரியின் கீழ்த்தட்டில், நாளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று மடித்து வைத்திருந்த யூனிஃபார்ம் புடவைமேல் மணியம் சுருண்டு கிடந்தது. மூக்கில் சின்னக் கீறல். தூங்கவில்லை, அடி விழுமா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

மஹாலக்ஷ்மி ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு நோயாளியைப் படுக்கை விரிப்போடு தூக்குகிற மாதிரி, புடவையின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பூனையோடு தூக்கி, கூடத்துக்கு வந்து, அப்படியே பெட்டிக்குள் இறக்கினாள். மணியம் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. பலகையை முகர்ந்தது. புடவையை முன்காலால் இரண்டு தடவை பிசைந்தது. தயிர்சாதத்தை நக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது.

"நாலு வருஷம் இதுக்குத்தானே அடிச்சே?" என்றாள் கோமு.

"அடிச்சதாலதான் ருசி விட்டுப்போகலை" என்று சொல்லிவிட்டு மஹாலக்ஷ்மி கம்பிக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் மொத்தமாக வந்தது. படித்துறையிலிருந்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பிய வெங்கட்ரமணன், தங்கையும் மனைவியும் தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரிப்பதையும், நடுவில் 'நொறுங்கும், ஜாக்கிரதை' என்ற பெட்டியில் பூனை சாப்பிடுவதையும் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் சிரித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு லக்ஷ்மிநாராயணன் கொடுத்தனுப்பிய, பாதம் பதிந்த அப்பளங்களைக் கோமு பொரித்தாள். எண்ணெயில் பாதமும் சேர்ந்து உப்பியது.

மறுநாள் காலை மீரா முகைதீனே அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் வெல்லம் சாப்பிட்டார்கள். அவருக்கும் ஒரு கட்டி கிடைத்தது. வண்டி மேற்குக் கோடியில் நின்று சூட்கேஸை ஏற்றிக்கொண்டது. திருவனந்தபுரம் வரைக்கும் கூட வருகிற வெங்கட்ரமணன் அதோடு விடவில்லை.

"பூனையோட பரஸ்தானம் இங்கேயே இருக்கே மஹா. வெச்சதை எடுத்துண்டு போகணும். பாதியில விடக்கூடாது."

மஹாலக்ஷ்மி இறங்கி ரேழிக்குப் போனாள். தாமரைப் பெட்டிக்குள் மூன்று குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து தூங்கின. தாய் இரை தேடப் போயிருந்தது. குட்டிகளைத் தொடாமல், கதவில் தொங்கிய எவர்சில்வர் கிண்ணியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தாள். அப்பளப்பெட்டியின் கம்பிக் கதவில் அதை மாட்டி, செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். மணியம் இரண்டு மடக்குக் குடித்தது.

"ஆச்சா அண்ணா?"

"ஆச்சு" என்றார் வெங்கட்ரமணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மீரா முகைதீன் வண்டியைக் கிளப்பினார். கிளப்பின கையோடு, எதிர்வீட்டுச் சந்திலிருந்து வரிப்பூனை வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து, வண்டிக்கு நேர் முன்னால் வலமிருந்து இடமாக, அவசரமே இல்லாமல் தெருவைக் கடந்து ரேழிக்குள் போனது. மீரா முகைதீன் பின்னால் திரும்பி வெங்கட்ரமணன் முகத்தைப் பார்த்தார். பார்த்தவுடன் இன்ஜினை அணைத்தார்.

"எனக்கொண்ணும் இல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னா எடுக்கேன்."

வெங்கட்ரமணன் வாயைத் திறந்தார். பேச்சித்தாய் வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைபெத்தவ பசியாற வீட்டுக்குப் போறா. அதுல என்ன அபசகுனம்?" என்றாள் மஹாலக்ஷ்மி. பெட்டியை மடியில் நன்றாக இழுத்து வைத்துக்கொண்டு, அண்ணன் கையில் இன்னொரு வெல்லக் கட்டியை வைத்தாள். "இதை வாயில போட்டுக்கோங்கோ. முகைதீன் பாய், வண்டியை எடுங்கோ."

வாயில் வெல்லம் இருந்ததால் வெங்கட்ரமணனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வண்டி மேற்கே திரும்பியது.